பிள்ளைக்கா, ஊருக்கா?



பிள்ளைகளைச் சந்தோஷமாக வளர்க்க வேண்டும். கையில் நாலு காசும் மிஞ்ச வேண்டும். இந்த இரண்டையும் ஒரே வீட்டில் நடத்த முடியுமா? இதுதான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். முடியாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சேமிக்கிற வீட்டில் பிள்ளை ஏங்கும், பிள்ளை சிரிக்கிற வீட்டில் பெட்டி காலியாகும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கை பிழையானது என்று வாதாடத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். காவிரிப் படுகையில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கையிருப்பைக் கரைப்பது எது? பிள்ளை கேட்ட பம்பரமா? பிள்ளை கேட்ட பொரி உருண்டையா? பிள்ளையின் பெயரைச் சொல்லி ஊருக்குக் காட்டுகிற காட்சிதான் கரைக்கிறது. பிள்ளைக்கான செலவையும் ஊருக்கான செலவையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், மகிழ்ச்சியில் ஒரு துளியும் குறையாமல் மிச்சம் பிடிக்கலாம். இதற்குச் சான்று நம் மண்ணிலேயே இருக்கிறது.

முதலில், நம் மண்ணில் பணம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். மாதச் சம்பளக்காரருக்கு ஒன்றாம் தேதி உண்டு. நெல்லை நம்பிய வீட்டுக்கு ஒன்றாம் தேதி கிடையாது. குறுவை அறுத்தால் புரட்டாசி, ஐப்பசியில் ஒரு கை. சம்பாவோ தாளடியோ அறுத்தால் தை, மாசியில் ஒரு கை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைப் போட்டு, ஈரப்பதம் பார்த்து, எடை போட்டு, வங்கிக் கணக்கில் பணம் ஏறினால், அதுதான் அந்த வீட்டின் அரை ஆண்டுச் சம்பளம். உழவு ஓட்டுகிறவர், உரக்கடைக்காரர், மளிகைக்கடைக்காரர் என்று பாதி ஊரும் அந்தப் பணத்தை எதிர்பார்த்தே இருக்கிறது. அந்தப் பணம் வரும்போதே கூட என்ன வருகிறது? விசேஷ காலம் வருகிறது. தையில் தொடங்கி வைகாசி முடிகிற வரை பத்திரிகை மேல் பத்திரிகை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை, கல்யாணம். அதற்கு அடுத்து என்ன வருகிறது? ஜூன் மாதம் வருகிறது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. கட்டணம், நோட்டு, சீருடை, செருப்பு. மேட்டூர் அணையைத் திறக்க வேண்டிய ஜூன் 12ஆம் தேதியும் அதே மாதத்தில்தான். உழவு, விதை, நாற்றங்கால், நடவுக் கூலி. பிள்ளைச் செலவும் பயிர்ச் செலவும் ஒரே மாதத்தில் வாசலில் வந்து நிற்கின்றன. தை மாதப் பணம் அப்போது எங்கே இருக்கிறது? பந்தல்காரரிடம் இருக்கிறது. வீட்டில் மிஞ்சியிருப்பது தோடும் சங்கிலியும்தான். அவை அடகுக்குப் போகின்றன.

இந்தச் சுழற்சி மழையும் தண்ணீரும் சரியாக இருக்கிற ஆண்டுக்கு. சரியாக இல்லாத ஆண்டுகள் எத்தனை! 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறக்க முடியவில்லை. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. தென்னம்பிள்ளையை நட்டுக் காய்க்க வைக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே டெல்டாவில் சேமிப்பு என்றால் பணக்காரர் ஆவதற்கான வழி என்று பொருளில்லை. தை மாத நெல்லின் பணத்தை ஆனி மாதம் வரை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அவ்வளவுதான். ஐந்து மாதம் கடத்த முடிந்த வீடு கடனுக்குப் போகாது. கடத்த முடியாத வீடு வட்டிக்குப் போகும்.

வட்டிக்குப் போனால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அஞ்சலகத்தில் மாதம் 500 ரூபாய் வீதம் ஐந்தாண்டுத் தொடர் வைப்பில் போடுகிறது ஒரு குடும்பம். மொத்தம் கட்டுவது 30,000 ரூபாய். 6.7 சதவீத வட்டியில் ஐந்தாண்டு முடிவில் கைக்கு வருவது சுமார் 35,700 ரூபாய். அடுத்த வீட்டுக் குடும்பம் ஒரு விசேஷத்துக்காக அதே 30,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்குகிறது. மாதம் 600 ரூபாய் வட்டி. ஐந்தாண்டில் வட்டியாக மட்டும் கட்டியது 36,000 ரூபாய். அசல் 30,000 அப்படியே நிற்கிறது. இரண்டு குடும்பமும் மாதாமாதம் ஏறத்தாழ ஒரே தொகையைத்தான் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தன. ஒரு வீட்டில் ஐந்தாண்டு கழித்துப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது. இன்னொரு வீட்டில் கடன் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர் உழைப்பில் குறைந்தவரா? பிள்ளைப் பாசத்தில் குறைந்தவரா? இரண்டிலும் இல்லை. செலவு முன்னால் வந்தது, பணம் பின்னால் போனது. அது ஒன்றுதான் வேறுபாடு.

சரி, அந்த 30,000 எதற்குப் போனது? காதுகுத்து விழா ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விழாவில் பிள்ளைக்குச் சேர்வது என்ன? காதில் ஒரு பொட்டுத் தங்கம், தாய்மாமன் மடி, புதுச் சட்டை, அழுகையை நிறுத்த ஒரு மிட்டாய். இந்த நான்குக்கும் சேர்த்து ஆகிற செலவைத் தனியாக எழுதுங்கள். பிறகு மண்டப வாடகை, சாலை முனை வரைக்கும் ஃபிளெக்ஸ் பேனர், டிரோன் வைத்து எடுக்கும் வீடியோ, ஆர்க்கெஸ்ட்ரா, எட்டு வகைப் பலகாரம் ஆகியவற்றைத் தனியாக எழுதுங்கள். இரண்டாவது பட்டியலில் எதையாவது அந்தப் பிள்ளை கேட்டதா? பேனரில் தன் படத்தைப் பார்த்து மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏதாவது புரிந்ததா? பிறந்தநாள் விழாவும் இப்போது இதே வழியில் போகிறது. மூன்றடுக்குக் கேக், பலூன் வளைவு, வந்தவர்களுக்கெல்லாம் ரிட்டர்ன் கிஃப்ட். பிள்ளை கேக்கின் மேலிருக்கும் செர்ரிப் பழத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. மீதியெல்லாம் பெரியவர்கள் பெரியவர்களுக்குச் செய்துகொள்வது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். "செய்தது வீண் போகாது ஐயா, மொய் வருகிறதே" என்பார்கள். மொய் என்பது நம் ஊர் கண்டுபிடித்த நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பேராவூரணி வட்டாரத்திலும் அதை ஒட்டிய புதுக்கோட்டைப் பகுதியிலும் நடக்கிற மொய் விருந்தைப் பாருங்கள். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை; மொய்க்கென்றே ஆடி, ஆவணியில் விருந்து. ஊர்ச் சுற்றில் தன் முறை வரும்போது ஒரு குடும்பம் கறிவிருந்து வைக்கிறது. வந்தவர்கள் வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் சேர்த்தும் போடுகிறார்கள். நோட்டில் பெயரும் தொகையும் ஏறுகின்றன. மொத்தமாக வந்த பணத்தில் கிணறு வெட்டினவர்கள் உண்டு, கடை வைத்தவர்கள் உண்டு, பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. வங்கி எட்டிப் பார்க்காத காலத்தில் வட்டியில்லாத முதலை ஊரே திரட்டிக் கொடுத்தது. அந்த விருந்தில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதைத்தான் நாம் பார்க்க வேண்டும். பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைத்துச் செலவைப் பங்கிட்டுக்கொள்வார்கள். பந்தல் சிறியதாக இருந்தால்தான் மொய் பெரியதாக நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நம் விசேஷங்களில் நடப்பது தலைகீழ். வருகிற மொய் முழுவதையும் பந்தல் தின்றுவிடுகிறது. நோட்டில் எழுதிய கடன் மட்டும் நமக்கு மிஞ்சுகிறது. மொய் என்பது வருமானம் அல்ல, ஐயா. அது பத்துப் பதினைந்து ஆண்டு நீளும் கடன். கடனை வாங்கிப் பேனர் கட்டலாமா என்பதுதான் கேள்வி.

இப்போது மகிழ்ச்சிப் பக்கம் வருவோம். பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன வேண்டும்? நம் வட்டாரத்துப் பண்டிகை ஒன்றே பதில் சொல்லும். ஆடிப் பதினெட்டு அன்று ஆற்றங்கரையைப் பாருங்கள். பெண்கள் காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துப் படைக்கிறார்கள். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? சப்பரம் இழுக்கிறார்கள். நாலு மரச்சட்டம், ஒரு சாமிப் படம், கொஞ்சம் வண்ணத்தாள், அடியில் சக்கரம், ஒரு கயிறு. மயிலாடுதுறை, தஞ்சைப் பக்கத்துத் தெருக்களில் அந்தச் சப்பரம் தடதடவென்று ஆற்றை நோக்கிப் போகும்போது அந்தப் பிள்ளையின் முகத்தில் இருக்கிற பெருமையை எந்தப் பொழுதுபோக்குப் பூங்காவின் நுழைவுச் சீட்டு வாங்கித் தரும்? ஏன் அத்தனை பெருமை? தானே ஒட்டியது, தானே இழுக்கிறது, தெருவே பார்க்கிறது. செய்கிற வேலை, கூட ஆட்கள், எதிர்பார்த்துக் காத்திருக்கும் நாள் என்று மூன்றும் அதில் இருக்கின்றன. இந்த மூன்றும் இருக்கிற இடத்தில் பணம் கொஞ்சம் போதும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் எவ்வளவு பணம் போட்டாலும் பிள்ளை அரை மணி நேரத்தில் "அடுத்தது என்ன?" என்று கேட்கும். கைபேசி விளையாட்டு இலவசம் போலத் தோன்றினாலும் பிள்ளைக்கு நிறைவு தராததற்குக் காரணம் இதுதான். அங்கே பிள்ளை தானாக எதையும் செய்வதில்லை, எல்லாம் திரையிலேயே நடந்துவிடுகிறது.

வெளியூர்ப் பயணம் வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். ஆனால் உலகம் விமானம் ஏறி வந்து பார்க்கிற இடங்கள் நமக்கு நகரப் பேருந்து தூரத்தில் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலை யுனெஸ்கோ 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2004-இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் சேர்ந்தன. மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. அரசின் சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் இல்லை. ஆனால் போய் என்ன செய்கிறோம்? கும்பிட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, வாசலில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். மார்கழி மாதத்து உச்சி வேளையில் வட பக்கத்து முற்றத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போங்கள். நிழல் விழுந்து கிடக்கும். ஒரு குச்சியை நட்டு அதன் நிழலையும் அளக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 216 அடி என்னும் விமானத்தின் உயரத்தைப் பள்ளிக் கணக்கில் வரும் விகிதத்தைக் கொண்டு பிள்ளை நெருங்கிவிடும். கேட்ட கதையைச் சோதித்துப் பார்த்த அந்த ஒரு மணி நேரத்தை அது வாழ்நாளுக்கும் மறக்காது. இராசராச சோழனின் பெருமையும் குறையாது; 1010-இல் முடித்த கோயிலுக்குக் கட்டுக்கதை துணை தேவையில்லை. தாராசுரத்தில் இன்னொரு விளையாட்டு இருக்கிறது. காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கும் சிற்பம். ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை. மறு பக்கத்தை மறைத்தால் காளை. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்பி வைத்துவிட்டுப் போன புதிர் அது. பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், நீங்கள் காட்டிவிடாதீர்கள்.

வீட்டுக்குள் இருக்கும் நாட்களுக்கு என்ன வழி? புத்தகம். இந்தத் துறையில் நம் மண்ணுக்கு இருக்கிற பெருமையை நாமே மறந்துவிட்டோம். இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் எஸ்.ஆர். இரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். 1931-இல் மன்னார்குடிப் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற பெருந்தகை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அந்த வண்டியைத் தொடங்கி வைத்தவர் அதே இரங்கநாதன். பிறகு 1948-இல் இந்த நாட்டுக்கே முன்னோடியாக நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம். காசு கட்டியாகிவிட்டது, தாய்மார்களே! பொருளை எடுக்கத்தான் யாரும் போவதில்லை. சனிக்கிழமை தோறும் பிள்ளையைக் கிளை நூலகத்துக்கு அழைத்துப் போய், தனக்கு வேண்டிய புத்தகத்தைத் தானே எடுக்க விட்டால், அதற்கு ஆகும் உறுப்பினர் கட்டணம் ஒரு பீட்சாவின் விலைக்கு எட்டாது.

"நாங்கள் பட்ட கஷ்டம் எங்கள் பிள்ளை படக் கூடாது" என்ற குரல் இந்த இடத்தில் எழும். அதை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். பழைய சோறும் கிழிந்த சட்டையும் கொண்டு வளர்ந்தவர்களுக்கு, பிள்ளைக்கு ஒன்றை மறுப்பது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் காலத்தில் வலித்தது எது என்று நேர்மையாக எண்ணிப் பார்த்தால், பொம்மை இல்லாதது குறைவாகவும், கட்டணம் கட்டாமல் வகுப்புக்கு வெளியே நின்றதும் கடன்காரர் வாசலில் வந்து பேசியதும் அதிகமாகவும் இருக்கும். பிள்ளையை அந்த வலியிலிருந்து காப்பது சேமிப்புத்தான். பெண் பிள்ளைக்குப் பத்து வயது நிறைவதற்குள் அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும். 15 ஆண்டு கட்டி, 21 ஆண்டில் எடுக்கலாம். நம் பாட்டிமார் அரிசிப் பானைக்குள் வைத்த சிறுவாட்டுப் பணத்துக்கு வட்டி கிடையாது. கண்டுபிடித்தால் பறிபோகும் அச்சமும் உண்டு. அவர்களுடைய அதே மனத்திண்மைக்கு இன்று ஒரு பாஸ்புத்தகம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தைப் பிள்ளைக்கும் காட்டுங்கள். "இப்போது கையில் இல்லை, குறுவை அறுத்ததும் வாங்கலாம்" என்று உண்மையைச் சொல்லிக் காத்திருக்க வைத்த பிள்ளை ஏங்கிப் போவதில்லை. காரணம் சொல்லாமல் மறுத்த பிள்ளைதான் ஏங்கும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கூலிக்குப் போகிறவரிடம் சிக்கனம் பேசலாமா? பேசக் கூடாது. இந்தப் படுகையின் வரலாற்றை அறிந்த எவரும் பேசமாட்டார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்தன. கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. பெண்களும் பிள்ளைகளும் எரிக்கப்பட்ட குடிசைக்குள் இருந்தார்கள். வயிற்றுக்குப் போதாத இடத்தில் தேவை கூலி, அறிவுரை தேவையில்லை. அந்த வீடுகளின் பிள்ளைச் செலவில் பெரும்பங்கைப் பொதுப்பணம் ஏற்க வேண்டும், ஏற்கவும் செய்கிறது. பள்ளிக் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலம் முழுவதற்கும் விரிந்தது நம் திருக்குவளையிலிருந்துதான். ஒரு தாய் விடியற்காலையில் நடவுக்குக் கிளம்பும்போது பிள்ளைக்கு இட்லி உண்டா என்ற கவலை இல்லாமல் போவது எந்தச் சேமிப்புத் திட்டத்துக்கும் குறைந்ததில்லை. நான் இன்று சொல்கிற சிக்கனம், மிஞ்சுகிற அளவுக்கு வருவாய் இருந்தும் மிஞ்சாமல் தவிக்கிற வீடுகளுக்கு.

கடைசியாக ஒரு மறுப்பு. "ஆறு, குளம், கோயில் எல்லாம் இலவசம் என்கிறீர்களே, அவை பிள்ளைகளுக்குப் பாதுகாப்பா? எல்லோருக்கும் திறந்தா இருக்கின்றன?" இந்தக் கேள்விக்கு நான் பாதி ஒப்புக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். கோயில்கள் எல்லாச் சாதியாருக்கும் திறந்தவை என்றாவதற்கே 1939-இல் ஒரு சட்டமும் 1947-இல் இன்னொரு சட்டமும் தேவைப்பட்டன. ஒரு தெருப் பிள்ளை இன்னொரு தெருக் குளத்தில் இறங்கத் தயங்குகிற ஊர் இன்னும் இருந்தால், அங்கே இலவசம் என்ற சொல்லுக்குப் பாதிப் பொருள்தான். ஆற்றைப் பற்றியும் மறைக்கக் கூடாது. மணல் அள்ளிய பள்ளங்கள் கொள்ளிடத்திலும் காவிரியிலும் நீருக்குள் மறைந்து கிடக்கின்றன. இடுப்பளவு என்று இறங்கிய பிள்ளை அடுத்த அடியில் ஆளாழத்தில் நிற்கும். பெரியவர் துணையில்லாமல், படித்துறை இல்லாத இடத்தில், எந்தப் பிள்ளையையும் இறக்காதீர்கள். ஆனால் இதற்காகப் பிள்ளையை நாலு சுவருக்குள் பூட்டிவிட்டுக் கட்டண நீச்சல் குளத்துக்குக் காசு தேடுவது தீர்வாகாது. நீச்சல் தெரியாத டெல்டாப் பிள்ளை தண்ணீர் வரும் ஒவ்வொரு ஆண்டும் ஆபத்தில்தான் இருக்கிறது. குழந்தைகளுக்கு விளையாட்டும் ஓய்வும் உரிமை என்கிறது ஐக்கிய நாடுகள் அவையின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கை. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. உரிமை என்றால் கேட்டுப் பெற வேண்டியது.

எங்கே கேட்பது? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் ஊருக்கு ஊர் கிராம சபை கூடுகிறது. சாலை கேட்கிறோம், தெருவிளக்குக் கேட்கிறோம். படித்துறைக்குக் கைப்பிடிக் கம்பி வேண்டும் என்று எத்தனை சபையில் தீர்மானம் போட்டிருக்கிறோம்? ஊர்க் குளத்தைத் தூர் வாரி, ஒரு மூலையைப் பிள்ளைகள் நீச்சல் பழக ஆழம் குறைவாக விட வேண்டும் என்று எத்தனை சபையில் கேட்டிருக்கிறோம்? பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் மாலை நேரத்தில் நூலகம் திறந்திருக்க வேண்டும், அங்கே எல்லாத் தெருப் பிள்ளையும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று யார் எழுந்து பேசினோம்? வருகிற ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு இந்த அரங்கில் இருக்கும் தாய்மார்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இந்த மூன்று கோரிக்கையையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.